3,500 ரூபாய்க் கத்தி



நீளமான பதிவு. வழக்கம்போல முதல் நாலு வரியைப் படித்துவிட்டு "அருமை ஐயா" என்று போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். இந்தத் தடவை இதில் அருமையாக ஒன்றும் இல்லை. கோபத்தில் எழுதுகிறேன். கோபம் பாதி உங்கள்மேல், பாதி என்மேல்.

மாசி மகத்துக்கு மறுநாள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மெட்டல் டிடெக்டரும் கையுமாக நாங்கள் ஐந்து பேர் நடந்த படங்களைப் போட்டிருந்தேன். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நான் நிற்கும் படத்துக்குத்தான் அதிக லைக். "புதையல் கிடைச்சுதா சார்", "பெரியப்பா எங்களுக்கும் பங்கு உண்டா" என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். அந்தப் படங்களை முந்தாநாள் நீக்கிவிட்டேன். ஏன் நீக்கினேன் என்று நாலைந்து பேர் போன் போட்டுக் கேட்டீர்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நடந்தது இதுதான். இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். அந்த ஊரில் சனி, ஞாயிறு வந்தால் வயல்வெளியில் டிடெக்டர் வைத்துக்கொண்டு சுற்றுவது நிறையப் பேருக்குப் பொழுதுபோக்கு. அவனுக்கும் அந்தப் பித்து பிடித்துக்கொண்டது. பெட்டியில் வைத்து இங்கேயும் கொண்டுவந்துவிட்டான். மாசி மகத்தன்று சுற்றுப்பட்ட ஊர்ச் சாமிகளெல்லாம் நம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவதும், சனம் ஆயிரக்கணக்கில் கடலில் முழுக்குப் போடுவதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் காசு, தோடு, மெட்டி என்று என்னென்னவோ மணலில் விழும். மறுநாள் விடியற்காலை போனால் கிடைக்கும் என்பது அவன் கணக்கு. என்னிடம் படித்த மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். "வரலாற்று வாத்தியார் இல்லாம புதையலா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். இழுத்தார்கள் என்று சொல்வதுகூடப் பொய்தான். 5 மணிக்கெல்லாம் குளித்துத் தயாராக நின்றவன் நான்.

இரண்டரை மணி நேரத்தில் கிடைத்தவை: 31 ரூபாய் சில்லறை, ஒரு வெள்ளி மெட்டி, வலையில் கட்டும் ஈயக் குண்டு நாலைந்து, சோடா மூடி ஒரு பை நிறைய. எல்லாவற்றையும் துண்டில் பரப்பி, எண்ணி, படம் எடுத்தோம். 31 ரூபாய் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்ல முடிகிறது பாருங்கள்.

மண்ணைக் கிளற அவனிடம் ஒரு கத்தி இருந்தது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு விளிம்பில் ரம்பம்போலப் பல், இன்னொரு விளிம்பில் நல்ல கூர், பிடி கறுப்பு. நடுவில் அதை என் கையில் கொடுத்து, "கொஞ்சம் புடிங்க மாமா" என்றான். அப்போது என் போன் அடித்தது. வரும்போது சங்கரா மீன் வாங்கி வரச் சொல்லி வீட்டிலிருந்து. போனை எடுக்கக் கை வேண்டுமே என்று கத்தியை மணலில் படுக்கவைத்தேன். பேசி முடித்தேன். அதற்குள் பத்தடி தள்ளி மெஷின் கூவியது. எல்லோரும் அங்கே ஓடினோம். நானும்தான் ஓடினேன், 67 வயதில்.

இதுவரை நடந்ததை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். மறதி யாருக்கும் வரும். குற்றம் டீக்கடையில் நடந்தது.

டீ குடித்துக்கொண்டே பையைத் துழாவியவன், "மாமா, டிக்கர் உங்ககிட்டதான குடுத்தேன்?" என்று கேட்டான். எனக்குத் திக்கென்றது. எங்கே வைத்தேன் என்று உடனே ஞாபகமும் வந்துவிட்டது. "வச்சிட்டு வந்துட்டேன்டா மாப்ளே" என்றேன். அவன் என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று, "போனா போவுது மாமா, 3,500 ரூபாதான், ஆன்லைன்ல போட்டா நாலு நாள்ல வந்துடும்" என்றான். மற்ற மூவரும், "விடுங்க சார், வெயில் ஏறிடுச்சி" என்றார்கள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. டீக்கடையிலிருந்து அந்த இடத்துக்குப் பத்து நிமிட நடை. ஐந்து பேர் இருந்தோம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

அடுத்த நாள் விடிகாலையில் கருவாட்டுக்கு மீன் பரப்ப வந்த ஒரு அம்மா அதன்மேல் காலை வைத்துவிட்டார். அலை ஏறி இறங்கியதில் கத்தி கால்வாசிதான் வெளியே தெரிந்ததாம், கூர்ப்பக்கம் மேலாக. வலது பாதத்தின் குழிவில் எட்டுத் தையல். அந்த அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. சர்க்கரைக் காலில் வெட்டுப்பட்டால் என்ன ஆகும் என்பதை நம் குடும்பத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, என் அண்ணனின் கடைசி இரண்டு வருடங்களைப் பார்த்தவர்கள் நீங்கள்.

அவருடைய மகன் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது யாருதுப்பா" என்று கடற்கரை முழுக்க விசாரித்திருக்கிறான். டீக்கடைக்காரர் அடையாளம் சொல்லிவிட்டார்: "வாத்தியாரு கூட வந்தவங்களுது." அப்படித்தான் என் வீட்டு வாசலுக்கு வந்தது அந்தக் கத்தி.

இதை நம் பழைய மாணவர் குழுவில் சொன்னேன். வந்த பதில்களைப் படித்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. "விபத்துதானே சார், நீங்க ஃபீல் பண்ணாதீங்க." "உங்க வயசுக்கு இதெல்லாம் சகஜம் சார்." "டிக்கர் திரும்பக் கிடைச்சுதே, அது வரைக்கும் சந்தோஷம்." கடைசியாகச் சொன்னதை எழுதியவன் என் வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்தவன். என் மருமகன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் 10,000 ரூபாய் அனுப்பி, "அந்த அம்மாவ செட்டில் பண்ணிடுங்க மாமா" என்றான். அவன் நல்ல பிள்ளை. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நல்ல பிள்ளைகள் ஐந்து பேர் உட்கார்ந்து, ஒரு கூரான இரும்பைப் பொது மணலில் விட்டுவிட்டுப் போகலாம் என்று ஒருமனதாக முடிவெடுத்தோம். எப்படி முடிந்தது? விலையைச் சொன்னோம், முடிந்தது. 3,500 ரூபாய் நமக்குப் பெரிய தொகை இல்லை என்று தெரிந்ததும் பேச்சு அடங்கிவிட்டது. தொலைத்தவனுக்கு என்ன நஷ்டம் என்று மட்டும் கணக்குப் பார்த்தோம். தொலைந்த பொருள் அதற்குப் பிறகும் அந்த இடத்தில் கிடக்கும் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்துப் பக்கம் என் அம்மாவின் ஊர். அறுப்புக் காலத்தில் எங்கள் ஆயா களத்து மேட்டில் நின்று கருக்கரிவாளை எண்ணி வாங்கும். பதினெட்டுப் பேர் இறங்கினால் பதினெட்டு அரிவாள் கரையேற வேண்டும். ஒருநாள் ஒன்று குறைந்தது. எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். பொழுது சாய்ந்துவிட்டது. கூலி அளந்தாயிற்று. ஆயா யாரையும் வீட்டுக்கு விடவில்லை. அரிக்கேன் விளக்கு இரண்டைக் கொண்டுவரச் சொல்லி, அறுத்த தாளுக்குள் வரிசையாக எல்லோரையும் நடக்க விட்டது. முணுமுணுத்துக்கொண்டுதான் தேடினார்கள். கடைசியில் கட்டுக் கட்டிய இடத்தில், வைக்கோலுக்கு அடியில் இருந்தது. ஒரு கருக்கரிவாள் அப்போது என்ன விலை என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த வயலில் யாரும் விலையைப் பேசவில்லை. மறுநாள் அதே வயலில் வெறுங்காலோடு இறங்கப் போகிறவர்கள் அவர்கள்தான், அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். மாடு இறங்கும், மாட்டுக்குப் பின்னால் பிள்ளைகள் இறங்கும். அதனால் தேடினார்கள்.

நாம் ஏன் தேடவில்லை? மறுநாள் அந்த மணலில் நாம் வெறுங்காலோடு நடக்கப் போவதில்லை. வேறு காரணமே கிடையாது. நாங்கள் ஐந்து பேரும் செருப்பு போட்டிருந்தோம். படத்திலும் தெரிந்தது, அதையும் பார்த்துவிட்டுத்தான் நீக்கினேன்.

"கடற்கரை என்ன வயலா சார்?" என்று ஒரு தம்பி கேட்டான். வயல்தான். நமக்குத்தான் அது சுண்டல் சாப்பிடுகிற இடம். அங்கே கரைவலை இழுக்கிறார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னுக்கு நடந்தபடி இழுப்பார்கள். பின்னால் என்ன கிடக்கிறது என்று திரும்பிப் பார்க்க முடியாது. வலை உலர்த்துகிறார்கள், மீன் காயப்போடுகிறார்கள். 2004 டிசம்பரில் அதே கரையிலிருந்து எத்தனை பேரை அள்ளிக்கொண்டு போனது என்பதைப் பார்த்தவர்கள் நாம். அதற்குப் பிறகும் அந்த மணலை விடாமல் பிழைக்கிறவர்களுடைய வேலைத்தளத்தில் நாம் பொழுதுபோக்கப் போனோம்.

மறதியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 34 வருடம் பரீட்சை ஹாலில் நின்றவன் நான். மணி அடித்ததும் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போகிற ஜாமெட்ரி பாக்ஸ், ஸ்கேல், பேனா மூடி எல்லாம் சேர்த்தால் ஒரு கடை வைக்கலாம். மக்குப் பிள்ளைதான் விட்டுவிட்டுப் போகும் என்பதில்லை. கடைசி நிமிடம்வரை எழுதுகிற கெட்டிக்காரப் பிள்ளைதான் அதிகம் விட்டுவிட்டுப் போகும். மனசு முழுக்க விடைத்தாளில் இருந்தால் கையில் இருந்தது மனசிலிருந்து உதிர்ந்துவிடும். இந்த டிடெக்டர் விளையாட்டும் அப்படித்தான் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். மெஷின் கூவுகிறது. மெஷினைக் கீழே வைக்கிறோம், மண்டி போடுகிறோம், கைக் கருவியை நீட்டிப் பார்க்கிறோம், கத்தியால் கிளறுகிறோம். ஒரு ரூபாய் காசு வருகிறது. உடனே எழுந்து மெஷினை எடுத்துக்கொண்டு அடுத்த கூவலுக்குப் போகிறோம். மெஷினை எடுக்க மறப்பதில்லை, ஏனென்றால் அடுத்தது அதில்தான் கிடைக்கும். வேலை முடிந்த சின்னச் சாமான்தான் கீழே நின்றுவிடும். தேடுகிற ஆசை இருக்கும்வரை இந்த மறதியும் இருக்கும். அதனால் "இனிமே கவனமா இருக்கேன் மாமா" என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். அது நிற்காது.

நிற்கக்கூடிய வழி வேறு இருக்கிறது. அது உங்களில் சிலருக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். எத்தனை பஞ்சு, எத்தனை ஊசி, எத்தனை கத்தரி என்று சத்தமாக எண்ணிச் சொல்லாமல் நோயாளியை வெளியே அனுப்ப மாட்டோம் சார் என்றாள். 2008இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைசிகிச்சைப் பட்டியலிலும் அந்த எண்ணிக்கை இருக்கிறது. அவ்வளவு பெரிய டாக்டர் நிற்கிற இடத்திலேயே மறதியை நம்பவில்லை, எண்ணிக்கையைத்தான் நம்புகிறார்கள். வளைகுடாவில் விமானப் பராமரிப்பில் இருக்கிற தம்பி இன்னொன்று சொன்னான். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே பலகையில் நிழல் வரைந்து வைத்திருப்பார்களாம். சாயங்காலம் ஒரு நிழல் காலியாக இருந்தால் அந்தச் சாமான் கிடைக்கும்வரை விமானம் கிளம்பாது. இந்தத் தம்பி அன்றைக்கு எங்களோடு டீ குடித்த மூவரில் ஒருவன் என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலையில் ஒரு ஸ்குருவுக்காக விமானத்தை நிறுத்துகிறவன், ஊருக்கு வந்தால் "வெயில் ஏறிடுச்சி" என்கிறான். தம்பி, நீ படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இதற்கு நடுவில் ஒரு பிள்ளை எனக்கு ஆறுதலாக இங்கிலாந்துச் சுத்தியல் கதையை அனுப்பியிருந்தான். பலருக்குத் தெரிந்த கதைதான். 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்ற கிராமத்தில் பீட்டர் வாட்லிங் என்ற விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். டிடெக்டர் வைத்திருந்த எரிக் லாஸ் என்ற நண்பர் அதைத் தேடிக் கொடுக்கப் போனார். சுத்தியலைத் தேடிய இடத்தில் ரோமானியப் புதையல் கிடைத்தது. 14,865 காசுகள், அதோடு தங்க நகைகள், வெள்ளிக் கரண்டிகள். அதில் மிளகுத்தூள் போட்டு வைக்கிற வெள்ளிச் சிமிழ்கூட இருந்தது. மிளகு நம் மேற்குக் கரையிலிருந்து ரோமாபுரிக்குப் போன சரக்கு என்பதை எட்டாம் வகுப்பில் நான் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? "பார்த்தீங்களா சார், தொலைச்சதுனாலதான் புதையல், உங்க கத்தியாலயும் நல்லது நடக்கும்" என்று எழுதியிருந்தான்.

கண்ணு, கதையைத் தலைகீழாகப் படித்திருக்கிறாய். அது தொலைத்ததால் நடந்த கதை இல்லை, தேடப் போனதால் நடந்த கதை. ஒரு சுத்தியல் என்ன விலை இருக்கும்? அந்த ஆளும் "போனா போவுது" என்று இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஆளைக் கூட்டிக்கொண்டு வயலுக்குத் திரும்பிப் போனார்கள். லாஸ் செய்த அடுத்த காரியம் அதைவிடப் பெரிது. தங்கமும் வெள்ளியும் கையில் வந்துகொண்டிருக்கும்போதே தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியல்காரர்கள் வந்து, எது எதன்மேல் இருந்தது, எந்தப் பெட்டிக்குள் இருந்தது என்று முறையாக எடுத்தார்கள். பெட்டி மக்கிப்போயிருந்தும், உள்ளே எப்படி அடுக்கியிருந்தார்கள் என்பதுவரை தெரிந்தது அதனால்தான். 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி கிடைத்தது, அதை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். சுத்தியலும் பிறகு கிடைத்துவிட்டது. அது இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் வீட்டில் இருக்கிற கத்திக்கு அந்த யோக்கியதை கிடையாது.

அதே குழுவில் இன்னொருவன், "அடுத்த தடவை காரைக்காடு போலாம் சார், அங்க ரோமன் காசு கிடைக்குமாம்" என்று கேட்டிருக்கிறான். சிப்காட் பக்கத்துக் காரைக்காட்டைத்தான் சொல்கிறான். அங்கே பழைய ரோமானிய வணிகக் காலத்துப் பானை ஓடுகள் கிடைத்தது உண்மை. அதனாலேயே நாம் அங்கே மெஷினோடு போகக் கூடாது. நமக்கு வடக்கே பெண்ணையாற்றைத் தாண்டி அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டினார். காலம் தெரிந்த இத்தாலியப் பானை ஓடு எந்த மண் அடுக்கில் வந்தது என்று பார்த்து, அதே அடுக்கில் கிடந்த நம் பானைகளுக்குக் காலம் சொன்னார். தென்னிந்திய வரலாற்றுக்குப் பிடிமானமாக ஒரு தேதி கிடைத்தது அப்படித்தான். அந்த அடுக்கில் யாராவது நம்மைப்போல ஐந்து பேர் முந்தி வந்து ஒரு காசுக்காகக் குழி பறித்திருந்தால், அந்த ஓடும் வெறும் ஓடுதான், தேதியும் போயிருக்கும். கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்து எடுத்த சங்க காலச் சேரர் காசுகள் எத்தனையோ வியாபாரிகள் கை வழியாகத்தான் வெளியே தெரிந்தன. காசில் அரசன் பேர் இருக்கிறது, எந்த அடுக்கில் எதனோடு கிடந்தது என்ற செய்தி இல்லை.

இன்னொரு செய்தியும் சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் பிட் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயத் தளபதி தொல்லியல் ஆய்வு செய்தார். தோண்டி முடித்த குழியை மூடுவதற்கு முன்னால், அடியில் தன் பேர் பொறித்த சின்னப் பதக்கம் ஒன்றைப் போட்டுவிட்டு மூடுவார். பின்னால் வருகிறவன் ஏமாறக் கூடாது, இது ஏற்கெனவே தோண்டிய மண் என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. மண்ணுக்குள் ஒரு சாமானை விட்டுப்போவதிலும் இப்படி ஒரு நாணயம் இருக்கிறது. நாங்கள் விட்டுப்போனதில் அது இல்லை. நம் ஊர் மண்ணில் இரும்பை விட்டுப்போனவர்கள் ஏற்கெனவே அதிகம். 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனிக்காரன் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை உள்ள ஊரெல்லாம் அவனுக்கு என்று பேச்சு. குண்டு கிராமங்கள் என்ற பேரே அப்படி வந்தது. 1758இல் பிரெஞ்சுக்காரன் லாலி வந்து கோட்டையை இடித்தான். அவர்கள் போட்ட இரும்பு போதாதா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், நானே அன்றைக்கு மறந்து நின்றதால். 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணில் புதைந்த பொருள் 10 ரூபாய் மதிப்புக்கு மேல் போனால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டுவரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். முந்தின நாள் விழுந்த மெட்டி புதையல் ஆகாது, வாஸ்தவம். அது தொலைத்தவளுடைய சொத்து. உரியவரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் கண்டெடுத்த பொருளை வைத்துக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 314ஆம் பிரிவில் வரும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 403. அந்த வெள்ளி மெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று என் மருமகனைக் கேட்டேன். "ஞாபகார்த்தமா எடுத்துட்டு வந்துட்டேன் மாமா" என்றான். எவளோ ஒருத்தி தாலி கட்டிய நாளில் போட்ட மெட்டி இங்கிலாந்தில் இருக்கிறது, நம் கத்தி அவள் ஊர் மணலில் கிடந்தது. மாப்ளே, மெட்டியைத் தபாலில் அனுப்பிவிடு. தீர்த்தவாரிக்குச் சாமி கொண்டுவந்த ஊர்களில் சொல்லி வைக்கிறேன். யாரும் வரவில்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடலாம்.

அன்றைக்கு அந்த ஆரஞ்சு நிறக் கைக் கருவியை விட்டுவிட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்தேன். பேட்டரி உள்ளது, இரும்பு பக்கத்தில் வந்தால் தானாக அதிரும், கத்தும். 2008இல் மும்பைக்குக் கடல் வழியாக வந்தவர்களுக்குப் பிறகு, சந்தேகமான பொருள் எது கிடந்தாலும் தகவல் சொல்ல வேண்டும் என்று மீனவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். "கடற்கரையில் மர்மப் பொருள், பொதுமக்கள் பீதி" என்று மறுநாள் பேப்பரில் வந்திருக்கும். நீங்கள் அதற்கும் சிரிக்கிற படம் போட்டிருப்பீர்கள்.

அந்த அம்மா வீட்டுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை போய்வருகிறேன். முதல் நாள் போனபோது கத்தியை வைத்தவன் நான்தான் என்று சொன்னேன். சொல்லாமல் 10,000 ரூபாயை மட்டும் நீட்டிவிட்டு வந்திருக்கலாம், வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது எதுக்கு சார் அந்தக் கத்தி?" என்று கேட்டார். மணலைக் கிளற என்றேன். "கிளறி?" காசு, நகை ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க என்றேன். "ஒங்களுக்கு பென்சன் வருதில்ல சார்?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

டீக்கடையில் எப்போது ஞாபகம் வந்தது என்று அவருடைய மகன் கேட்டான். அன்றைக்குக் காலை 8 மணிக்கே என்றேன். அவன் மனசுக்குள் கணக்குப் போட்டதை நான் பார்த்தேன். அம்மா காலை வைத்தது மறுநாள் 5 மணிக்கு. நடுவில் 21 மணி நேரம் இருந்தது. அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

பணத்தை வாங்கிக்கொண்டார்கள். மருந்துக்கும், வேலை இல்லாத நாளுக்கும் அது போதவில்லை, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். புண் இன்னும் முழுதாக ஆறவில்லை. கட்டைவிரலுக்கு ஒன்றும் ஆகாது என்று போன வாரம்தான் டாக்டர் சொன்னார். அதுவரை நான் சரியாகத் தூங்கவில்லை.

அடுத்த மாதம் கிள்ளையில் சேர்ந்து தேடலாம் என்று சிதம்பரத்துப் பிள்ளைகள் போட்டிருந்த திட்டத்தில் என் பேரை எடுத்துவிடுங்கள். போகிறவர்கள் போங்கள், தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. போனால், பையில் இருப்பதை எழுதி வையுங்கள். பிடியில் சிவப்புத் துணி சுற்றுங்கள், கத்தியைக் கயிறு போட்டு இடுப்பில் கட்டுங்கள். ஒவ்வொரு குழியையும் மூடிய பிறகு எண்ணுங்கள், கிளம்பும்போது ஒருமுறை எண்ணுங்கள். குறைந்தால் திரும்பிப் போங்கள். உச்சி வெயிலானாலும், பஸ் போனாலும், வீட்டில் சோறு ஆறினாலும் போங்கள்.

அந்தக் கத்தி என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், பழைய பேப்பரில் சுற்றிக் கயிறு கட்டிக் கிடக்கிறது. மாப்ளே, அடுத்த வருடம் வரும்போது நீயே வந்து எடுத்துக்கொள். அதற்கு முன்னால் என்னோடு அந்த அம்மா வீட்டுக்கு வர வேண்டும். காலை 9 மணிக்குமேல் அவர்கள் வீட்டில் இருப்பார்கள்.